ஊமைப்படங்களில் நடித்த எங்கள் அம்மா

இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில் இருக்கும் படம், அம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாரத்தில் குன்னூரில் எடுத்தது. "அமெரிக்காவுல எடுத்த அழகான படமெல்லாம் இருக்குமே, அதுல ஒண்ணைப் போடக்கூடாதா?" என்று உறவினர் சிலர் கேட்டார்கள். இருக்கின்றன. ஐந்து படங்கள். மூன்றில் அம்மா அரபு நாட்டு அரண்மனைப் பணிப்பெண். ஒன்றில் தலையில் இறகு செருகிய செவ்விந்தியப் பெண். இன்னொன்றில் குறி சொல்லும் நாடோடிக் கிழவி. அப்போது அம்மாவுக்கு வயது இருபத்தைந்து. எல்லாமே அம்மாதான். ஆனால் ஒன்றிலும் அம்மாவின் சொந்த உடுப்பு இல்லை. அதனால் இதையே அச்சகத்தில் கொடுத்தேன். இதில் முகம் கொஞ்சம் கடுகடுப்பாக இருக்கிறது. படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. என் மகனும் போதகரும் எழுதச் சொன்னார்கள். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். இதை எழுத நான்கு மாதம் ஆயிற்று. துக்கம் எழுதவிடவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். அது உண்மையில்லை. இந்த ஓராண்டில் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பசித்தால் சாப்பிட்டேன். மணி அடித்தால் கோயிலுக்குப் போனேன். எழுத உட்கார்ந்தால் எது முதலில், எது பிறகு என்று தெரியவில்லை. ஆகவே பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா பிறந்தது குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மாவின் தகப்பனார், எனக்கு அப்பிச்சி, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து துரை பங்களாவில் பட்லராக இருந்தவர். பங்களாவுக்குப் பின்னால் சமையற்கட்டை ஒட்டிய இரண்டு அறைகளில் குடும்பம் வாழ்ந்தது. அம்மாவுக்கு ஓர் அண்ணன் மட்டும். அவர்தான் என் மாமா. மாமா படித்துத் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டர் ஆனார்கள். அம்மா மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார்கள். இங்கிலீஷை மட்டும் துரைசாணி பேசுவதைக் கேட்டே கற்றுக்கொண்டார்கள்.

பதினெட்டு வயதில் அம்மாவுக்குத் திருமணம் நடந்தது. அப்பா தோட்டத்து ஃபேக்டரியில் இன்ஜின் பார்ப்பவர். நான் பிறந்து ஐந்து மாதத்தில், ஒரு மழைக்காலத்தில், விஷக்காய்ச்சல் கண்டு அப்பா காலமானார்கள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தார்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை.

துரைசாணி அமெரிக்காவில் பிறந்தவர். துரைக்கு உடம்பு முடியாமல் போய், அவர்கள் மலையை விட்டுப் போக முடிவானபோது, இரண்டு பிள்ளைகளையும் கப்பலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா தேவைப்பட்டது. அம்மாவைக் கேட்டார்கள். அம்மா சம்மதித்தார்கள். எனக்கு அப்போது ஒன்றரை வயது. "ரெண்டு வருசத்துல வந்துருவேனுங்க அண்ணி" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, கொழும்பில் கப்பல் ஏறினார்கள். திரும்பி வர எட்டரை வருஷம் ஆயிற்று.

துரைசாணியின் ஊர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒட்டிய ஹாலிவுட். அப்போது அங்கே ஆரஞ்சு மரங்களை வெட்டிவிட்டு ஸ்டூடியோ கட்டிக்கொண்டிருந்தார்களாம். துரைசாணியின் தம்பி அப்படி ஒரு ஸ்டூடியோவில் தச்சர். அரண்மனை, சிறைச்சாலை, மசூதி எல்லாவற்றையும் பலகையில் அடித்து நிறுத்துபவர். பிள்ளைகள் அதைப் பார்க்க ஆசைப்பட்டதால் ஒரு நாள் எல்லோரும் போனார்கள். அன்றைக்குக் கிணற்றடிக் காட்சி. வெள்ளைக்காரப் பெண்களுக்குப் பழுப்பு மை பூசி உட்கார வைத்திருந்தார்கள். வெயிலில் மை வழிந்துகொண்டிருந்தது. ஓரமாகச் சேலை கட்டி நின்ற அம்மாவைப் பார்த்த ஒருவர், இந்தப் பெண்ணுக்கு மையே தேவையில்லை, கூப்பிடுங்கள் என்றார்.

"கொடத்தை எடுத்து இடுப்புல வெச்சுட்டு நடன்னாங்க. நடந்தேன். தெனமும் பண்றதுதானே. அதைய என்னத்துக்கு இத்தனை பேர் நின்னு பாக்கறாங்கன்னு எனக்குப் புரியல" என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்கக் கதைகளை அம்மா ஒரே மூச்சில் யாரிடமும் சொன்னதில்லை. துணி மடிக்கும்போது ஒன்று, அரிசி களையும்போது ஒன்று என்று வரும். நான் சேர்த்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் காலத்துப் படங்களில் பேச்சு கிடையாது. மற்ற பெண்கள் பயத்தைக் காட்ட நெஞ்சில் கை வைத்துக் கண்ணை உருட்டுவார்கள். அம்மா அசையாமல் நிற்பார்கள். அது நடிப்பில்லை, வெறும் கூச்சம்தான் என்று அம்மா சொன்னார்கள். ஆனால் திரையில் போட்டுப் பார்த்த இயக்குநர் ஒருவர், அடுத்த படத்தில் கேமராவைக் கொண்டுவந்து அம்மாவின் முகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வேலை தொடர்ந்து வந்தது. துரைசாணி வீட்டு வேலையை விட்டுவிட்டு, மெக்சிகோக்காரக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். அரபுப் பெண், மெக்சிகோப் பெண், சீன தேசத்துச் சமையற்காரி, ஸ்பெயின் தேசத்துச் சீமாட்டியின் தோழி. எத்தனை படம் என்று அம்மாவுக்கே தெரியாது. பெயர்ப் பட்டியலில் இரண்டு மூன்று முறை பெயர் வந்ததாம். அதுவும் அம்மாவின் பெயரில்லை, அவர்களாக வைத்த பெயர். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

பெரும்பாலான படங்களில் பாதியிலேயே அம்மா இறந்துவிடுவார்கள். "அங்க நெறைய தடவை செத்திருக்கேன் கண்ணு. சாகறது சுலபம். பொறவு எந்திரிக்கறப்பதான் இடுப்பு புடிச்சுக்கும்" என்பார்கள்.

மாதம் ஒரு கடிதம் மாமாவுக்கு வரும். 'இங்கே சுகம். இன்று ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தேன். பிள்ளைக்குப் பால் கொடுங்கள்' என்பது போல நான்கு வரி இருக்கும். மாமா வாசித்துவிட்டு மடித்து வைப்பார்கள். எனக்கு அந்தக் கடிதங்களில் ஒட்டியிருந்த தபால்தலைகள்தான் நினைவிருக்கின்றன. நான் அத்தையை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். வேறொருவர் என்னைப் பெற்றார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு அங்கே பேசும்படம் வந்தது. அம்மாவுக்கும் ஒரு வரி கொடுத்தார்கள். எஜமானுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மா சொன்னார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒலிப்பதிவு செய்தவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னார்கள். மறுநாள் போனபோது அம்மாவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேறொரு பெண் நின்றிருந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லையாம். அம்மாவும் கேட்கவில்லையாம். அடுத்த இரண்டு வருஷத்தில் கூட்டத்தில் நிற்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. அம்மா கப்பல் ஏறினார்கள்.

குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலிலிருந்து சாம்பல் நிறக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு பெண் இறங்கினார். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி. நான் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பெண் குனிந்து, "என்னைத் தெரியுதா கண்ணு?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன்.

"ம். தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து, கூலியாளிடம் பெட்டியைக் காட்டினார்கள்.

அம்மா வந்து இறங்கிய அந்த நாட்களில்தான் தேயிலை விலை விழத் தொடங்கியிருந்தது. சீமையில் ஏலத்தில் கேட்பாரில்லை என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. தூரத்துத் தேயிலைக் காடுகளில் இலை எடுக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. கவாத்து வெட்டாமல் விட்ட செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாக நின்றன. நான் அதற்கு முன் தேயிலை மரத்தைப் பார்த்ததில்லை. கூலியாட்கள் வாழ்ந்த லைன் வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கீழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனதைச் சொல்லும் 'பேர் வெட்டிட்டாங்க' என்ற சொல்லை அந்த வருஷம் தினமும் கேட்டேன். அமெரிக்காவில் நடித்துவிட்டு வந்தவர் ஏதோ கொண்டுவந்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெட்டியில் உடுப்புகளும் அந்த ஐந்து படங்களும் இருந்தன. அம்மா சேலைக்கு மாறி, அத்தையோடு அடுப்படியில் நின்றார்கள். நான் அவர்களைக் கூப்பிட வேண்டியிருந்தால் 'ஏனுங்க' என்று கூப்பிட்டேன். அம்மா அதற்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷக் கோடையில் குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே மைதானத்தில் ஒரு டென்ட்டு சினிமா வந்தது. பெரிய ஊர்களுக்குப் பேசும்படம் வந்துவிட்டதால், பழைய ஊமைப்படங்கள் மலையேறி எங்களிடம் வந்தன. சனிக்கிழமை மாலையில் நாங்கள் நான்கு பேரும் போனோம். பாலைவனக் கதை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பிரம்போடு நின்று கதையைத் தமிழில் உரக்கச் சொன்னார். பாதியில் ஒரு கூடாரத்துக்குள்ளிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். குதிரைக்காரர்கள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவள் முகம் மட்டும் திரை முழுவதும் நின்றது. கண்ணீர் வழிந்தது. முகம் அசையவில்லை.

"அம்மிணி, இது நீயா?" என்று மாமா கேட்டார்கள்.

"ஆமாங்கண்ணா."

பிரம்போடு நின்றவர், "ஐயோ என் செல்வமே, உன்னைப் பெத்த வயிறு எரியுதே" என்று அம்மாவுக்காகத் தெற்கத்திப் பேச்சில் கதறினார். பெஞ்சில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அத்தையும் அழுதார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, திரையில் அந்தக் கூடாரம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு ஏறி வரும் வழியில் நானாகப் போய்க் கேட்டேன். அம்மாவிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது. "ஏனுங்க, அப்ப யாரை நெனச்சு அழுதீங்க?"

அம்மா உள்ளதைச் சொன்னார்கள். "யாரையும் நெனைக்கல கண்ணு. அங்க வெளக்கு ரொம்பப் பெருசா இருக்கும். கண்ணு எரியும். சிமிட்டாம இருந்தாத் தானா தண்ணி வரும்."

"அந்தக் கொழந்தை?"

"அது வெள்ளைக்காரக் கொழந்தை. பழுப்பு மை பூசியிருந்தாங்க. என்ர உடுப்பெல்லாம் ஒட்டிக்கிச்சு."

பத்து வயதில் நான் எதிர்பார்த்த பதில் வேறு. அதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

ஆனி மாத மழையில் அடுத்த பட்டியல் வந்தது. தோட்டத்துக்குப் புதுத் துரை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாற்பது குடும்பங்களின் பெயரை வெட்டி, சனிக்கிழமைக்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். பட்டியலை எழுதியது மாமா. மலைப்பாதையில் மண் சரிந்து ரயிலும் நின்றிருந்தது. கீழே போவதென்றால் மழையில் நடந்துதான் போக வேண்டும். பழனியம்மா என்று ஒரு பெண்ணுக்கு எட்டு மாதம். பல வீடுகளில் குழந்தைகள் காய்ச்சலில் கிடந்தன.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா கேட்டார்கள். "அண்ணா, மழை விடற வரைக்கும் இருக்கட்டும்னு தொரைகிட்டச் சொல்லக்கூடாதுங்களா?"

"ஆரு சொல்றது? நான் சொன்னா அந்தாளு கேப்பானா? எழுதுன்னா எழுதோணும். அவ்வளவுதான்."

"அவங்க நடந்தே போயிருவாங்களாங்கண்ணா?"

"என்னைக் கேக்காதே அம்மிணி" என்று மாமா தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் மாமா ஆபீசுக்குப் போன பிறகு, அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். சாம்பல் கோட்டு, தொப்பி, கையுறை, குதிகால் உயர்ந்த செருப்பு. கண்ணாடி முன் வெகுநேரம் நின்று முகத்துக்கு ஏதோ பூசினார்கள். திரும்பியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தை, "எங்க போறீங்க?" என்று கேட்டார்கள். 'நீ' என்று பேசும் அத்தைக்கு அந்த நேரத்தில் 'நீங்க' என்றுதான் வாயில் வந்தது. அம்மா மழையில் இறங்கி, ரோட்டில் ரிக்‌ஷா பிடித்து, துரை பங்களாவுக்குப் போனார்கள். அந்தப் பங்களாவின் பின்கட்டில்தான் அம்மா பிறந்தார்கள். முன்வாசல் வழியாக நுழைந்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

பங்களாவில் நடந்ததை, அப்பிச்சியிடம் எடுபிடியாக இருந்து, அவருக்குப் பிறகு அங்கே பட்லரானவர் பின்னர் அத்தையிடம் சொன்னார். கதவைத் திறந்தவர் அவர்தான். அம்மாவைக் கைக்குழந்தையிலிருந்து அறிந்தவர். "புள்ளை என்னைப் பாத்த பார்வை இருக்குதே, சொவத்தைப் பாக்கற மாதிரி பாத்துதுங்க. நானும் வாயைத் தொறக்கல. அமெரிக்காவுலிருந்து ஒரு அம்மா வந்திருக்காங்கன்னு உள்ள போய்ச் சொல்லிட்டேன்."

அம்மா தன்னை அமெரிக்காவிலிருந்து மலையைப் பார்க்க வந்த பயணி என்று சொல்லிக்கொண்டார்கள். பூர்வீகம் ஸ்பெயின் என்றார்கள். தேநீர் குடித்தார்கள். ஜன்னல் வழியாக லைன் வீடுகளைப் பார்த்து, அங்கே சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களே, இந்த மழையில் எங்கே போகிறார்கள் என்று கேட்டார்கள். துரை ஏதோ சொன்னார். அம்மா கோப்பையை வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த வாரம் ஊட்டியில் ஒரு பெரிய இடத்து விருந்துக்குப் போவதாகவும், பார்த்ததையெல்லாம் அங்கே கேட்பார்களே என்றும் சொன்னார்களாம். துரை எழுந்து போய், மழை முடியும் வரை யாரும் காலி செய்ய வேண்டாம் என்று சீட்டு எழுதி ஆபீசுக்கு அனுப்பினார். சீட்டை வாங்கியது மாமா.

நாற்பது குடும்பங்களும் இருந்தன. பழனியம்மாவுக்கு லைன் வீட்டிலேயே ஆண் குழந்தை பிறந்தது. மூன்று வாரம் கழித்து, குன்னூர் மார்க்கெட்டில் சாதாரணச் சேலையில் கூடையோடு நின்ற அம்மாவைத் துரை பார்த்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரரிடம் யார் என்று கேட்டார். "ரைட்டர் ஐயாவோட தங்கச்சிங்க" என்று அவர் பணிவாகச் சொன்னார். அடுத்த நாள் மாமாவின் பெயரை வெட்டிவிட்டார்கள். லைன் குடும்பங்களுக்குக் கொடுத்த சீட்டைத் துரை திரும்ப வாங்கவில்லை. வாங்கினால் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அன்று மாலை மாமா சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நாப்பது குடும்பத்துக்கு நல்லது பண்ணிட்டே அம்மிணி. என்ர குடும்பத்துக்கு?" என்று கேட்டார்கள்.

"தெரிஞ்சுதானுங்கண்ணா போனேன்" என்றார்கள் அம்மா.

அந்தப் பதிலை மாமாவால் தாங்க முடியவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்கள் என்று அத்தை பிற்காலத்தில் சொன்னார்கள்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்ன வேலை ஒன்று மாமாவுக்குக் கிடைத்தது. வீட்டைக் காலி செய்யும் நாளன்று, நான் என் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தையின் பக்கத்தில் நின்றேன். அம்மா, "அவ உங்க புள்ளைங்க அண்ணி. கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். அத்தை என் கையைப் பிடித்தார்கள். மாமா அந்தக் கையை எடுத்துவிட்டார்கள்.

"பெத்தவ இருக்கறா. அவகிட்டவே இருக்கட்டும்."

அத்தை அழுதுகொண்டே வண்டியில் ஏறினார்கள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி வளைவில் மறைந்தது. நானும், எனக்கு ஒரு வருஷமாகத்தான் தெரிந்த ஒரு பெண்ணும் ரோட்டோரத்தில் நின்றோம். அம்மா என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன்.

அதன் பிறகு அம்மா குன்னூரில் ஆஸ்பத்திரி ஆயாவாகச் சேர்ந்து, முப்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தார்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவார்கள், குளிப்பாட்டுவார்கள், துணி மாற்றுவார்கள். சாம்பல் கோட்டைப் பிரித்து எனக்குக் குளிருக்கு ஒரு சட்டை தைத்தார்கள். கோபம் வராது. கொஞ்சவும் தெரியாது. நோயாளிகளுக்கு அம்மாவைப் பிடிக்கும். எதைப் பார்த்தாலும் அம்மாவின் முகம் மாறாது, அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றும் என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு முறை, இத்தலார் கிராமத்தைச் சேர்ந்த ஒரு படகர் வீட்டுப் பெரியவர் இறக்கும் தறுவாயில் மகனைத் தேடியபோது, மகன் வந்து சேரும் வரை நான்கு மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் பேசிய படக மொழி அம்மாவுக்குப் புரியாது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் இன்றுவரை எங்களை விடவில்லை.

நான் அவர்களை அம்மா என்று கூப்பிட்டது பன்னிரண்டு வயதில். மழைக்கு என்னைக் கூட்டிப்போகப் பள்ளி வராந்தாவில் வந்து நின்றிருந்தார்கள். தலைமையாசிரியை யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். "எங்கம்மாங்க மிஸ்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்டது. குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மடக்கி முடித்தார்கள்.

மாமா பதினான்கு வருஷம் அம்மாவோடு பேசவில்லை. பிறகு நெஞ்சுநோயோடு, அம்மா வேலை செய்த அதே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது. அம்மா மற்ற நோயாளிகளைப் போலவே மாமாவையும் புரட்டினார்கள், துடைத்தார்கள். ஐந்தாம் நாள் மாமா, "அம்மிணி, கஞ்சி ஆறிப்போச்சு" என்றார்கள். அம்மா சுடவைத்துக் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் அவர்கள் எதையும் பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை. மாமாவின் காலத்துக்குப் பிறகு அத்தை எங்களோடு வந்து இருந்து, எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினார்கள். கடைசிவரை இருவரையும் நான் அம்மா என்றே கூப்பிட்டேன். கூப்பிட்டால் இருவரும் திரும்புவார்கள்.

சென்ற ஆண்டு மாசி மாதம் அம்மாவின் இருதயம் பலவீனமாகிப் படுக்கையில் விழுந்தார்கள். வயது எண்பத்துமூன்று. நினைவு தெளிவாக இருந்தது. ஒரு நாள் பிற்பகல் சங்கீதம் வாசித்து முடித்த பிறகு, நான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்காததைக் கேட்டேன்.

"கையில கொழந்தையை வெச்சுட்டு எப்படிம்மா போனீங்க? அவ்வளவு கஷ்டமா?"

நம் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். புருஷனை இழந்தவள், வயிற்றுப்பாட்டுக்குக் கடல் கடந்தாள் என்று. அம்மாவும் மறுத்ததில்லை.

"கஷ்டம்னு சொல்லிட்டேன். அண்ணன் ஊட்டுல சோத்துக்கு என்ன கொறை?" என்றார்கள் அம்மா. மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்கள். "எனக்கு ஆசையா இருந்துச்சு கண்ணு. கப்பலைப் பாக்கோணும், அந்த ஊரைப் பாக்கோணும்னு. உன்னைய வெச்சுட்டு ஆசைப்படக்கூடாது. ஆனா ஆசையா இருந்துச்சு."

"திரும்பி வந்தீங்களே."

"வேலை போச்சு. வந்தேன்."

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். இதை அச்சில் போடலாமா என்று பல நாள் யோசித்தேன். அம்மா யாரிடமும் அழகுபடுத்திப் பேசாதவர்கள். அவர்களைப் பற்றிய கட்டுரையில் நான் அழகுபடுத்துவது முறையில்லை. அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் காலை, நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அம்மா காலமானார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள் மரணப் பதிவுக்காக நானும் மகனும் நகராட்சி ஆபீசுக்குப் போனோம். எழுத்தர் வயதைக் கேட்டார், ஊரைக் கேட்டார். "தொழில்?" என்றார்.

"ஆஸ்பத்திரி ஆயா. ரிட்டயர்டு" என்றான் மகன்.

"நடிகை" என்றேன் நான்.

எழுத்தர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நடிகைன்னே எழுதட்டுங்களா?"

"எழுதுங்க" என்றேன். எழுதினார். அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். இரண்டு மாதம் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர் அவர்களுக்கும், அம்மாவைத் தங்கள் மூத்த ஊழியராகவே நடத்திய ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும், ஞாயிறுதோறும் நற்கருணை கொண்டுவந்து கொடுத்த போதகருக்கும் என் நன்றி. பந்தலூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மழையில் வந்து சேர்ந்த உறவினருக்கும், குழி வெட்டிய கோயில் ஊழியர்களுக்கும், அடக்கத்தன்று வந்த அத்தனை பேருக்கும் காய்கறி கொடுத்து, சமைத்தும் போட்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி.

இன்னும் ஒன்று. அன்றைக்கு உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னீர்கள். வாய் அசைவதைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. யார் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நினைவில்லை. தயவுசெய்து ஒருமுறை வந்து திரும்பச் சொல்லுங்கள். பிற்பகலில் வீட்டில்தான் இருக்கிறேன்.

மகள்
குன்னூர்